ஆர்மிய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி விஏ பெனிஃபிட்ஸ் பத்தி யார்கிட்ட கேக்கறது: டேப் கிளாஸா, யூடியூபா, விஎஸ்ஓவா, காசு வாங்குற கம்பெனியா?

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணான். அமெரிக்க ஆர்மில இருக்கான், வர்ற பிப்ரவரி 20 அவனுக்குக் கடைசி நாள். "அக்கா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தன் டேப் கிளாஸ்லயே எல்லாம் சொல்லிடுவாங்க நீ பேசாம இருன்றான், இன்னொருத்தன் ஒரு கம்பெனி இருக்கு காசு குடுத்தா 100 பர்சன்ட் வாங்கித் தருவாங்கன்றான், யூடியூப் பாத்தா தல சுத்துது, நான் யார்கிட்டதான் போறது"ன்னு கேட்டான். விஏன்னா ஆர்மிய விட்டு வெளிய வந்தவங்களப் (வெட்டரன்) பாத்துக்கிற அமெரிக்க அரசுத் துறை, சர்வீஸ்ல வந்த உடம்புப் பிரச்சனைக்கு டிஸெபிலிட்டி ரேட்டிங்னு ஒரு பர்சன்ட் போட்டு அதுக்கேத்த மாதிரி மாசப் பணம் குடுப்பாங்க, அந்த 100 பர்சன்டத்தான் அவன் சொன்னது. இதே கேள்விய இந்த ரெண்டு மூணு வருஷத்துல நெறைய பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் போன்ல சொல்றத ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா அடுத்தவங்களுக்கும் ஆகும்னுதான் உக்காந்து எழுதறேன்.

என் வீட்டுக்காரர் 2013-ல மாவ்னி புரோக்ராம் வழியா ஆர்மில சேர்ந்தார். கிரீன் கார்டு இல்லாம சட்டப்படி விசால இருக்கிறவங்களயும், குறிப்பிட்ட மொழி தெரிஞ்சாலோ டாக்டர், நர்ஸா இருந்தாலோ எடுத்துக்கிட்ட திட்டம் அது, 2009-ல ஆரம்பிச்சது, 2016-ல புதுசா ஆள் எடுக்கறத நிறுத்திட்டாங்க. அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, அப்படித்தான் நம்ம பசங்க சில பேர் உள்ள போனாங்க, அவங்கள்ல பாதி பேர் இப்ப வெளிய வந்துட்டாங்க இல்லன்னா வரப் போறாங்க. இவரு எட்டு வருஷம் வண்டி மெக்கானிக்கா இருந்தார், நடுவுல ஒரு தடவ குவைத் போனார், 2021-ல வெளிய வந்தார். வீட்ல பேப்பர் வேல எல்லாம் என்னுதுதான், அதனால நாலு வழியயும் நாங்க கிட்ட போய்ப் பாத்திருக்கோம்.

மொதல்ல டேப் கிளாஸ். முழுப் பேரு டிரான்சிஷன் அசிஸ்டன்ஸ் புரோக்ராம். 2011-ல வந்த சட்டத்துக்கு அப்பறம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது கட்டாயம். கடைசி நாளுக்கு 365 நாள் முன்னாடியே ஆரம்பிச்சாகணும், ரிட்டயர் ஆகறவங்க ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கலாம். மொதல்ல ஒரு ஆள் உங்ககூட தனியா உக்காந்து பேசுவாங்க, அப்பறம் கிளாஸ், அதுல ஒரு முழு நாள் விஏ பெனிஃபிட்ஸ், ஒரு நாள் வேல தேடறது பத்தி, அதுக்கு மேல படிப்பு, தொழில்னு ரெண்டு நாள் டிராக் எடுத்துக்கலாம், கடைசியா 90 நாளுக்கு முன்னாடி கேப்ஸ்டோன்னு ஒரு மீட்டிங்ல எல்லாம் முடிஞ்சுதான்னு சரிபாத்துக் கையெழுத்து. நெறைய பேருக்குத் தெரியாதது, மனைவியோ கணவனோ கூட அந்த கிளாஸ்ல உக்காரலாம். தயவுசெஞ்சு உக்காருங்க. எங்களுக்கு 2021 கோவிட் டைம்ங்கறதால லேப்டாப்லதான் நடந்துச்சு, டைனிங் டேபிள்ல லேப்டாப்ப வச்சுட்டு இவரு பக்கத்துல பெட்டி கட்டிக்கிட்டு இருந்தார், நான்தான் நோட்ல எழுதினேன். இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு உதவற பாதி விஷயம் அந்த நோட்லேர்ந்து வந்தது.

டேப்போட பெரிய பலம் என்னன்னா ஒண்ணு விடாம சொல்லுவாங்க. ஹெல்த் கேர், டிஸெபிலிட்டி, ஜிஐ பில், வீட்டுக் கடன், இன்சூரன்ஸ், வேலைக்கான வோகேஷனல் ரிஹாப், எது எதுக்கு எத்தன நாள் டைம்னு எல்லாம் அதுல இருக்கு, சொல்றவங்களும் தெரிஞ்சவங்க. ஆனா முப்பது பேர் உக்காந்திருக்கிற ரூம்ல உங்க முழங்கால் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஸ்லைடு எல்லாருக்கும். நாலு வருஷம் ஆபீஸ்ல இருந்தவருக்கும் இருபது வருஷம் பாராசூட்ல குதிச்சவருக்கும் அதே ஸ்லைடு. கேள்வி இருக்கான்னு கேப்பாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போற நெனப்புல இருப்பாங்க, எவனும் கை தூக்க மாட்டான், எல்லார் முன்னாடியும் எனக்கு நைட் தூக்கம் வர்றதில்லன்னு எந்த சோல்ஜர் எந்திரிச்சு சொல்லுவான் சொல்லுங்க. ஆர்மி பேஸ்லயே விஏ பெனிஃபிட்ஸ் அட்வைசர்கிட்ட கிளாஸுக்கு வெளிய தனியா டைம் வாங்கிப் பேச முடியும், அத யாரும் பெருசா பயன்படுத்தறதில்ல. ஆனா அவங்களும் விவரம் சொல்லுவாங்க, உங்க சார்பா கிளெய்ம், அதாவது விஏகிட்ட பணம் கேட்டுப் போடற மனுவ, நடத்தறது அவங்க வேல கிடையாது.

இங்க எங்களுக்கு நடந்த ஒண்ண சொல்லியாகணும், ஏன்னா இதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம். ஜிஐ பில் தெரியும்ல, 9/11-க்கு அப்பறம் வேல பாத்தவங்களுக்கு 36 மாசம் படிப்புச் செலவு, கூடவே வீட்டு வாடகைக்கும் காசு வரும். அத மனைவிக்கோ புள்ளைங்களுக்கோ மாத்திக் குடுக்கலாம், ஆனா அந்த மாத்தற வேலைய சர்வீஸ்ல இருக்கும்போதேதான் பண்ண முடியும், குறைஞ்சது ஆறு வருஷம் முடிச்சிருக்கணும், மேல நாலு வருஷம் இருப்பேன்னு ஒத்துக்கணும். இவரு 2019-ல ஆறு வருஷம் முடிச்சப்ப ரெண்டே வருஷத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டார், அப்ப பேப்பர நீட்டினவங்க யாரும் இத ஒரு வார்த்த சொல்லல, நாங்களும் கேக்கல. 2021-ல டேப் கிளாஸ்ல அந்த ஸ்லைடு வந்தப்ப நான் இவர் முகத்தப் பாத்தேன், இவரு என் முகத்தப் பாத்தார். அன்னிக்கு நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா எங்க பொண்ணோட காலேஜ் செலவு அதுல போயிருக்கும். இப்ப ஜிஐ பில் இவரு பேர்ல இருக்கு, 2013-க்கு அப்பறம் வெளிய வந்தவங்களுக்கு அது காலாவதி ஆகறதில்ல, ஆனா வெளிய வந்தப்பறம் புள்ளைக்குப் புதுசா மாத்த முடியாது. அதனால இத படிக்கிற யாராவது ஆறாவது வருஷத்துக்குப் பக்கத்துல இருந்தா டேப் வரைக்கும் காத்திருக்காதீங்க, ராணுவத்தோட மில்கனெக்ட் சைட்ல போய் இன்னிக்கே பாருங்க.

ரெண்டாவது, நாமளே படிச்சுக்கிறது. விஏ டாட் கவ் சைட் இப்ப ரொம்ப நல்லா இருக்கு, எல்லாமே எளிமையான இங்கிலீஷ், ஃபார்ம்லாம் ஆன்லைன்லயே போடலாம், ஓசி. பொறுமை இருக்கிறவங்களுக்கு இது போதும்னே சொல்லுவேன், ஒரே ஒரு சின்ன பிரச்சனை, தெளிவான ரெக்கார்டு இருக்கு அப்படின்னா தாராளமா நீங்களே போடலாம். சிக்கல் எங்கன்னா யூடியூப்லயும் ஃபேஸ்புக் குரூப்லயும். அங்க வர்றதுல நல்லதும் இருக்கு, ஆனா பெரும்பாலும் "எனக்கு இவ்ளோ வந்துச்சு உனக்கும் வரும்"ங்கற பேச்சுதான். அடுத்தவன் கேஸப் பாத்து நம்ம கேஸ எழுதினா அது நம்மது மாதிரியே இருக்காது, கிளெய்முக்காக நடத்தற மெடிக்கல் எக்ஸாம்ல டாக்டர் முன்னாடி வார்த்த திக்கும். அப்பறம் பர்சன்ட் கூட்டற கணக்கு நெறைய பேரக் குழப்புது. 50-ம் 30-ம் சேர்ந்தா 80 கிடையாது. மொத்த உடம்பு 100, அதுல 50 போச்சுன்னா மிச்சம் 50, அந்த மிச்சத்துல 30 பர்சன்ட் 15, ஆக 65, அத 70-ஆ ரவுண்டு பண்ணுவாங்க. இது தெரியாம விஏ ஏமாத்திடுச்சுன்னு கத்தறவங்க நெறைய பேர்.

மூணாவது விஎஸ்ஓ, அதாவது வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர். அமெரிக்கன் லீஜியன், டிஏவி, விஎஃப்டபிள்யூ மாதிரி சங்கங்கள்ல இருப்பாங்க, மாநில அரசுலயும் நெறைய மாநிலங்கள்ல கவுன்ட்டி அளவுலயும் இருப்பாங்க, பெரிய பேஸ்கள்லயே சில பேருக்கு ஆபீஸ் உண்டு. விஏகிட்ட அங்கீகாரம் வாங்கினவங்க, ஒரு பைசா வாங்க மாட்டாங்க, சங்கத்துல மெம்பரா இருக்கணும்னும் கிடையாது. 21-22ன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா உங்க ஃபைல அவங்களால பாக்க முடியும், உங்க சார்பா விஏகூட பேச முடியும். என் ஓட்டு இதுக்குத்தான், அத மறைக்கல. ஆனா எல்லா விஎஸ்ஓவும் ஒரே மாதிரி கிடையாது, அதயும் சொல்லிடறேன்.

நாங்க மொதல்ல போன ஆள் பத்து நிமிஷம்தான் பேசினார். முதுகு, முழங்கால் ரெண்ட மட்டும் எழுதிக்கிட்டார், வேற ஒண்ணும் இல்லல்லன்னு கேட்டார், இவரும் இல்லன்னுட்டார். என் மனசுக்கு ஒப்பல, வேற ஒருத்தர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். வயசான மனுஷன், அவரே வெட்டரன். அவரு ஃபார்ம எடுக்கவே இல்ல, காலைலேர்ந்து நைட் வரைக்கும் உன் ஒரு நாள சொல்லுன்னு இவர்கிட்ட கேட்டார். அப்பறம் என் பக்கம் திரும்பி இவரு எப்படித் தூங்கறார்னு கேட்டார். நான் யோசிக்காம சொன்னேன், ஜனவரி குளிர்லகூட ஃபேன் ஓடணும், ஃபேன் சத்தம் இல்லன்னா எந்திரிச்சு உக்காந்துக்குவார்னு. அவரு பேனாவ கீழ வச்சுட்டு இவரப் பாத்து, "ரூம் அமைதியா இருந்தா காதுல என்ன கேக்குது"ன்னார். இவரு கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், "விசில் மாதிரி ஒண்ணு, எப்பவும் இருக்கும், எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்"ன்னார். எட்டு வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்துலயும் ஜெனரேட்டர் பக்கத்துலயும் நின்ன மனுஷன். எனக்குக் கல்யாணம் ஆகி அவ்ளோ வருஷத்துல அது தெரியாது. டின்னிடஸ்னு அதுக்குப் பேரு, விஏல வெட்டரன்களுக்கு ரொம்ப அதிகமா அங்கீகரிக்கிற பிரச்சனையே அதுதான், அதுக்கு ரேட்டிங் 10 பர்சன்ட். எந்த ஸ்லைடும், எந்த வீடியோவும் அந்தக் கேள்விய எங்ககிட்ட கேட்டிருக்காது.

அதனால ஒரு விஎஸ்ஓ சரியில்லன்னா மாத்துங்க, தப்பே இல்ல. போறதுக்கு முன்னாடி அங்கீகாரம் இருக்கான்னு விஏவோட ஜெனரல் கவுன்சல் ஆபீஸ் சைட்ல பேரப் போட்டுத் தேடிப் பாத்துக்கோங்க. எவ்ளோ கேஸ் கையில வச்சிருக்கீங்க, எங்க ஃபைல் முழுசா படிப்பீங்களான்னு நேராவே கேளுங்க. இவங்ககிட்ட ஒரே குறை, கூட்டம். அப்பாயின்ட்மென்ட் கெடைக்க வாரக் கணக்கா ஆகலாம், அதனாலதான் கடைசி மாசத்துல ஓடறதுல பிரயோஜனம் இல்லங்கறேன்.

நாலாவது காசு வாங்குற கம்பெனி. இத சுருக்கமா முடிச்சுடறேன், எனக்கு இதுல ரெண்டாவது கருத்து கிடையாது. மொத கிளெய்ம் தயார் பண்ணித் தர்றதுக்கு யாரும் காசு வாங்கக் கூடாதுன்னு மத்திய சட்டமே இருக்கு. அங்கீகாரம் வாங்கின வக்கீல்கூட விஏ மொத முடிவு சொன்னப்பறம்தான், அதாவது அப்பீல் மாதிரி வேலைக்குத்தான் ஃபீஸ் வாங்கலாம். ஆனா மீறினா தண்டனைங்கற பகுதிய 2006-ல எடுத்துட்டாங்க, அந்த சந்துல நுழஞ்சவங்கதான் இந்தக் கம்பெனிங்க. "நாங்க கிளெய்ம் போடல, ஆலோசனைதான் சொல்றோம்"னு பேப்பர்ல எழுதிக்குவாங்க, உங்களுக்கு ஏறுற மாசத் தொகைய அஞ்சு மடங்கு ஆறு மடங்குன்னு ஃபீஸா கேப்பாங்க. 2025 ரேட்ல 50 பர்சன்ட்னா தனி ஆளுக்கு மாசம் 1,102 டாலர், அதோட அஞ்சு மடங்கு 5,500 டாலருக்கு மேல, விஎஸ்ஓ ஓசில பண்ற அதே வேலைக்கு. அதவிட மோசம், உங்க லாகின் பாஸ்வேர்ட கேக்கறது. எந்தக் காரணத்துக்காகவும் குடுத்துடாதீங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அப்படி ஒரு இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு இன்னும் மாசா மாசம் கட்டிக்கிட்டு இருக்கான், அவன் அம்மாவுக்கு இது தெரியாது.

இப்ப யார்கிட்டங்கறதவிட முக்கியமான கேள்வி, எப்பங்கறது. என்கிட்ட கேக்கறவங்க எல்லாரும் ஆளப் பத்தித்தான் கேக்கறாங்க, நாளப் பத்திக் கேக்க மாட்டேங்கறாங்க. நல்ல விஎஸ்ஓகிட்ட லேட்டா போறதவிட சுமாரான கிளாஸ சீக்கிரம் முடிச்சு நாமளே கிளெய்ம் போடறது எவ்வளவோ மேல், ஏன்னு சொல்றேன்.

பிடிடின்னு ஒரு வழி இருக்கு, பெனிஃபிட்ஸ் டெலிவரி அட் டிஸ்சார்ஜ். கடைசி நாளுக்கு 180 நாள்லேர்ந்து 90 நாள் வரைக்கும் ஒரு ஜன்னல் தொறந்திருக்கும், அந்த மூணு மாசத்துக்குள்ள டிஸெபிலிட்டி கிளெய்ம் போட்டா நீங்க சர்வீஸ்ல இருக்கும்போதே எக்ஸாம் முடிச்சுடுவாங்க, வெளிய வந்த கையோட முடிவு வர்ற மாதிரிதான் அத அமைச்சிருக்காங்க. 21-526ஈஸி ஃபார்ம், உங்க மெடிக்கல் ரெக்கார்டு காப்பி, செப்பரேஷன் ஹெல்த் அசெஸ்மென்ட்ல நீங்க நிரப்ப வேண்டிய பகுதி எல்லாம் சேர்த்துக் குடுக்கணும், குடுத்தப்பறம் 45 நாள் எக்ஸாமுக்கு ஊர்ல இருக்கணும். 90 நாளுக்குக் கீழ வந்துட்டா ஜன்னல் மூடிடும், கிளெய்ம் போடலாம், ஆனா சாதாரண வரிசைல நிக்கணும். உடம்பு முடியாம மெடிக்கல் போர்டு வழியா வெளிய வர்றவங்களுக்கு மட்டும் ஐடெஸ்னு தனி வழி, அவங்க இதப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

இன்னொரு வழி வெளிய வந்தப்பறம் போடறது. ஒரு வருஷத்துக்குள்ள போட்டா, டிஸ்சார்ஜுக்கு மறுநாள்லேர்ந்தே பணம் கணக்கு பண்ணுவாங்க, அதனால பணம் நஷ்டம் இல்ல. எங்க கேஸ் அதுதான், ஏழு மாசம் கழிச்சுப் போட்டோம், பழைய பணமும் சேர்ந்து வந்துச்சு. ஆனா அந்த ஏழு மாசம் என்ன ஆச்சுன்னா ஸ்டேட் மாறினோம், இவருக்குப் புது வேல, எக்ஸாமுக்கு ரெண்டு தடவ லீவு கேக்க சங்கடப்பட்டார், முழங்காலுக்கு ஊசி போட்ட டாக்டர் வேற எங்கயோ போயிட்டார். மெடிக்கல் ரெக்கார்ட ஒரு சிடில போட்டுக் குடுத்திருந்தாங்க, வீட்ல இருந்த எந்த லேப்டாப்லயும் சிடி போடற இடம் இல்ல, அத ஒரு டிராயர்ல போட்டு வச்சு அது பொருள் ஏத்தின லாரியோட போயி மூணு வாரம் கழிச்சுக் கெடச்சுது. பிடிடில போட்டிருந்தா இதெல்லாம் பேஸ்ல இருக்கும்போதே, சம்பளத்தோட, நடந்து போற தூரத்துல முடிஞ்சிருக்கும். ஒரு வருஷமும் தாண்டிட்டா நீங்க கிளெய்ம் போட்ட நாள்லேர்ந்துதான் பணம். உடனே எல்லாம் சேர்க்க முடியலன்னா இன்டென்ட் டு ஃபைல்னு ஒண்ணு போட்டு வைங்க, ஃபார்ம் 21-0966, அஞ்சு நிமிஷ வேல, அந்த நாள உங்களுக்காகப் புடிச்சு வச்சுக்குவாங்க, முழு கிளெய்ம் போட ஒரு வருஷம் டைம்.

இதுல நம்ம வீடுகள்ல மட்டும் வர்ற ஒரு முட்டுக்கட்டை இருக்கு. டிஸெபிலிட்டிங்கற வார்த்தைய தமிழ்ல யோசிச்சா ஊனம்னு வருது, அங்கதான் எல்லாம் நிக்குது. என் மாமியார் ஊர்லேர்ந்து போன்ல, "எம் புள்ளைக்கு என்னடி கொறச்சல், கையும் காலும் நல்லாத்தான இருக்கு, ஏன் ஊனம்னு எழுதிக் குடுக்குறீங்க"ன்னு அழுதாங்க. இவரும் அதேதான், கால் போனவங்களுக்குப் போக வேண்டிய காச நான் எடுத்துக்கறதான்னு கேட்டார். அப்படி ஒரு குடத்துலேர்ந்து எடுத்து ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்குக் கொறயற பணம் கிடையாது இது. போகும்போது உடம்பு எப்படி இருந்துச்சு, வரும்போது எப்படி இருக்குங்கற வித்தியாசத்துக்கு நாடு பொறுப்பு எடுத்துக்குது, அவ்வளவுதான். 0 பர்சன்ட்னு லெட்டர் வந்தாகூட அத பத்திரமா வைங்க. பணம் வராது, ஆனா இந்தப் பிரச்சனை சர்வீஸ்ல வந்ததுதான்னு அவங்களே ஒத்துக்கிட்ட பேப்பர் அது, பத்து வருஷம் கழிச்சு அதே முழங்கால் ஆபரேஷனுக்கு வந்தா மொதல்லேர்ந்து நிரூபிக்க வேண்டியதில்ல.

இதோட சேர்ந்ததுதான் சிக் கால், அதாவது உடம்பு சரியில்லன்னு ஆர்மி டாக்டர்கிட்ட போற விஷயம். வலின்னு போனா சோம்பேறின்னு நெனப்பாங்கன்னு வருஷக் கணக்கா மாத்திரை போட்டுட்டு ஓடுவாங்க, ரெக்கார்ட்ல ஒரு வரி இருக்காது. ரெக்கார்டு இல்லாம கிளெய்ம் போட முடியாதுன்னு இல்ல, கூட வேல பாத்தவங்க எழுதிக் குடுக்கற லெட்டர்லாம் எடுத்துக்குவாங்க, ஆனா கஷ்டம். அதனால கடைசி ஒரு வருஷத்துல எங்க எங்க வலிக்குதோ எல்லாத்துக்கும் டாக்டரப் பாருங்க, பல் உட்பட. பல்லுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, டிடி-214-ங்கற டிஸ்சார்ஜ் பேப்பர்ல பல் பரிசோதனையும் சிகிச்சையும் முழுசா முடிஞ்சுதுன்னு போடலன்னா வெளிய வந்த 180 நாளுக்குள்ள விஏல ஒரு தடவ வைத்தியம் கேக்கலாம். டிடி-214 பத்திப் பேசும்போதே, அதுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியும் படிங்க, குவைத்தோ வேற எங்கயோ போனது விட்டுப் போயிருக்கான்னு பாருங்க. 2022 ஆகஸ்ட்ல பேக்ட் சட்டம் வந்தப்பறம் எங்க இருந்தீங்கங்கறது ரொம்ப முக்கியம், குப்பை எரிச்ச புகை இருந்த நாடுகள்ல குவைத்தும் ஒண்ணு, சில நோய்களுக்கு அங்க இருந்தேன்னு காட்டினாலே போதும், சர்வீஸாலதான் வந்துச்சுன்னு நாம தனியா நிரூபிக்க வேண்டியதில்ல. காம்பாட் போனவங்களுக்கு விஏ ஹெல்த் கேர்ல சேர டிஸ்சார்ஜ் ஆன நாள்லேர்ந்து 10 வருஷம்னு நீட்டினதும் அந்தச் சட்டம்தான்.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். எஸ்ஜிஎல்ஐங்கற சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கான லைஃப் இன்சூரன்ஸ் வெளிய வந்து 120 நாள் ஓசில ஓடும், வெட்டரன்களுக்கான விஜிஎல்ஐக்கு மாத்தணும்னா 240 நாளுக்குள்ள மாத்துங்க, அப்ப உடம்பப் பத்திக் கேள்வி கேக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா கேப்பாங்க. வீடு வாங்கற ஐடியா இருந்தா, விஏ லோன்ல முன்பணம் இல்லாம மொத தடவ வாங்கும்போது 2.15 பர்சன்ட் ஃபண்டிங் ஃபீ, 3,00,000 டாலர் வீட்டுக்கு 6,450 டாலர், டிஸெபிலிட்டி பணம் வாங்கறவங்களுக்கு அந்த ஃபீ கிடையாது, அதனால ரேட்டிங் வர்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வீட்டு பேப்பர்ல கையெழுத்துப் போடறத யோசிங்க. வெளிய வந்த மொத வருஷத்துல விஏலேர்ந்தே மூணு தடவ போன் வரும், சாலிட் ஸ்டார்ட்னு பேரு, 90, 180, 365 நாள் சமயத்துல. இவரு தெரியாத நம்பர்னு கட் பண்ணிட்டே இருந்தார், மூணாவது தடவ நான் எடுத்தேன், அந்தம்மா நாப்பது நிமிஷம் பொறுமையா பேசினாங்க.

சரி, முடிவா எத எடுக்கறது. ஒரு வருஷமோ மேலயோ இருக்கிறவங்க டேப்ப கடைசிக்குத் தள்ளாம இப்பவே போங்க, மனைவியக் கூட்டிட்டுப் போங்க, மெடிக்கல் ரெக்கார்டு முழுசா கேட்டு வாங்கி நீங்களே ஒரு தடவ படிங்க. ஆறு ஏழு மாசம் இருக்குன்னா விஎஸ்ஓ அப்பாயின்ட்மென்ட்தான் மொத வேல, டேப் நோட்ட எடுத்துட்டு அவர் முன்னாடி போய் உக்காந்து பிடிடில போடுங்க. நூறு நாள்தான் இருக்குன்னா விஎஸ்ஓவுக்காகக் காத்திருக்காதீங்க, விஏ டாட் கவ்ல நீங்களே போட்டு ஜன்னலப் புடிச்சுடுங்க, விட்டுப் போனத டிஸ்சார்ஜுக்குள்ள சேர்க்கலாம், அந்தச் சேர்த்தத மட்டும் வெளிய வந்தப்பறம் பாப்பாங்க. 90 நாளும் போச்சுன்னா இன்டென்ட் டு ஃபைல் போட்டுட்டு நிதானமா விஎஸ்ஓவத் தேடுங்க, ஒரு வருஷக் கணக்கு உங்க பக்கம் இருக்கு. வெளிய வந்து வருஷங்கள் ஆனவங்களும் மனசு விட வேண்டாம், டிஸெபிலிட்டி கிளெய்ம் போடறதுக்குக் கடைசி தேதின்னு ஒண்ணு கிடையாது, போட்ட நாள்லேர்ந்துதான் பணம்ங்கறதுதான் வித்தியாசம். காசு வாங்குற கம்பெனி இந்த எந்தக் கட்டத்துலயும் வரல பாருங்க.

அந்தத் தம்பிக்கு போன்லயே காலண்டர எடுக்கச் சொன்னேன். பிப்ரவரி 20-லேர்ந்து 180 நாள் பின்னாடி போனா ஆகஸ்ட் 24, 90 நாள் பின்னாடின்னா நவம்பர் 22. ரெண்டயும் சிவப்புல வட்டம் போடச் சொல்லி, ஆகஸ்ட் 24-க்கு முன்னாடி முடிக்க வேண்டியதா ரெண்டே விஷயம் சொன்னேன், ரெக்கார்டு காப்பி, விஎஸ்ஓ. நேத்து மெசேஜ் போட்டிருந்தான், பேஸ்லயே ஒரு விஎஸ்ஓ இருக்காராம், 27-ஆம் தேதி டைம் குடுத்திருக்கார், ரெக்கார்டு 400 பக்கத்துக்கு மேல இருக்காம். தோள்பட்ட வலிக்கு மூணு வருஷமா டாக்டரப் பாக்காம இருந்தவன், போன வாரம் சிக் கால் போயி எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துட்டான்.